வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டேன்

உங்களிடம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டவர்கள் கையில் ஒரு தாளையும் கொடுத்துவிட்டார்கள். கவனித்துக் கேட்டல், இரகசியம் காத்தல், வந்தவரை உள்ளபடி ஏற்றுக்கொள்ளுதல், அவரே முடிவெடுக்க விடுதல் என்று அதில் வரிசையாக அச்சடித்திருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். எல்லாம் நல்ல வார்த்தைகள். நான் வேலைக்கு வந்தபோது இவை எங்கள் ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்திருக்கவில்லை. அதனால் ஒவ்வொன்றையும் முதலில் கெடுத்துவிட்டு, கெட்ட பிறகுதான் அது என்னவென்று தெரிந்துகொண்டோம். அப்படி நான் கெடுத்த ஒன்றைச் சொல்கிறேன். சாமர்த்தியமாகச் செய்தவற்றையும் சொல்லலாம். அவை இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோகும்.

யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா, ஒரு கம்பவுண்டர், இரண்டு நர்ஸுகள், நான். என் வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதுவேன், வீட்டு நிலவரம் விசாரிப்பேன், மருந்துக்கு வராமல் நின்றுபோனவர்களைத் தேடி வீட்டுக்குப் போவேன். ஜனங்கள் என்னைப் 'பேர் எழுதுற அம்மா' என்றார்கள். நீங்கள் பட்டணத்தில் இரண்டு வருஷம் படித்து வாங்கி வந்திருக்கும் சமூகசேவைப் பட்டத்தை அவர்கள் எனக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார்கள்.

திங்கள் முதல் புதன் வரை காய்ச்சல், இருமல், பிரசவம், பிள்ளைகள். வெள்ளியும் சனியும் அதேபோல. வியாழக்கிழமை மட்டும் தனி. அன்றைக்குத் தோலில் உணர்ச்சியற்ற தேமல் விழுந்தவர்கள் வருவார்கள். பெருவியாதி என்ற வார்த்தையை நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் சொல்வதில்லை. நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றுவார் டாக்டரம்மா. வாரம் தவறாமல் போட வேண்டும், வலிக்கும். பின்பக்கத்து வாசல் வழியாக வந்து, பின்பக்கத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து, அதே வழியாகப் போவார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் 'வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறான்' என்று சொன்னால் போதும், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கிழமையின் பேரே வியாதியின் பேராகிவிட்டது.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். அதில் 'புருஷன் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. உங்கள் பாரத்திலும் அது இருக்கிறது, பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று பயம். ஆகவே குறிப்புக் கொடுப்பார்கள், நாம் கண்டுபிடிக்க வேண்டும். ஒருத்தி மேற்கே கையைக் காட்டி 'மலையில இருக்காவ' என்பாள். பழனியா, வேங்கடாசலமா என்று, அவள் நெற்றியில் இருப்பது திருநீறா திருமண்ணா என்று பார்த்து முடிவு செய்வேன். ஒருத்தி வாசலில் கட்டியிருந்த எருமையைக் காட்டிச் சிரித்தாள். கருப்பன் என்று எழுதினேன். வரிசையில் நிற்கிற பெண்களெல்லாம் 'ஏட்டி, அம்மா கண்டுபிடிச்சிட்டாவ' என்று கைகொட்டுவார்கள். பாதிக் குறிப்பிலேயே பெயரைப் பிடித்துவிடுவேன் என்று எனக்கு அம்புட்டுக் கர்வம். அந்தக் கர்வம்தான் ஒரு குடும்பத்தைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியது.

ஓர் ஐப்பசி மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழனன்று மம்சாபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். சொர்ணம் என்று தன் பெயரைச் சொன்னாள். வீட்டில் ஆண்டாள் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். கையில் பூ வைத்த இலைப்பொட்டலம் இருந்தது. முதுகில் ஒரு வெற்றிலை அகலத்துக்குத் தேமல். டாக்டரம்மா ஊசிமுனையால் குத்திக் குத்திக் கேட்டார். தேமலுக்கு வெளியே 'வலிக்கி' என்றாள், உள்ளே குத்தும்போது எப்போது குத்துவார்கள் என்று காத்திருந்தாள்.

இது அடுத்தவருக்குத் தொத்தாத வகை, ஆரம்பத்திலேயே வந்திருக்கிறாய், ஒன்றரை இரண்டு வருஷம் ஊசி போட்டால் நின்றுவிடும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சொர்ணம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அதைத் தூக்கலாமா என்று கேட்டாள். தூக்கலாம், பாய் மட்டும் தனியாக இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் மூச்சே விட்டாள். மாமியாருக்குத் தெரிந்தால் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு தன்னைத் துரத்திவிடுவார்கள் என்றும், வீட்டுக்காரருக்கும் தெரியாது என்றும் என்னிடம் சொன்னாள்.

நான் நோட்டை எடுத்தேன். புருஷன் பெயர் கேட்டேன். அவள் கோயில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து, 'நம்ம கோயில்ல ஆண்டாளம்மா கூட நிக்காவளே' என்று ஆரம்பித்தாள். அவள் முடிக்கவில்லை. நான் முடித்தேன். ஆண்டாள் கூட நிற்பவர் ரெங்கமன்னார், அப்படியென்றால் ரெங்கசாமி என்று உரக்கச் சொல்லி, எழுதியும்விட்டேன். அவள் வாயைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அந்த வாய் திறந்ததை நான் பார்த்தேன் பிள்ளைகளே. பார்த்தும், நம் வேகத்தைக் கண்டு அசந்துபோய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

நான் வேதக்காரி. சர்ச்சும் ஆஸ்பத்திரியுமாக வளர்ந்தவள். அந்தக் கோயில் கோபுரத்தின் நிழலில் இத்தனை வருஷம் நடந்தும் கர்ப்பக்கிரகத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆண்டாளும் ரெங்கமன்னாரும் நிற்கிற அதே இடத்தில் கூடவே கருடாழ்வாரும் நிற்கிறார். வேறு எங்கும் அப்படிக் கிடையாதாம். எங்கள் கம்பவுண்டர் நாமம் போட்டவர்; பத்தடி தள்ளி மருந்து அரைத்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கும் என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை.

மாசி வரைக்கும் சொர்ணம் ஒழுங்காக வந்தாள். பிறகு மூன்று வியாழன் வரவில்லை. ஊசி விட்டுப்போனால் பட்ட பாடெல்லாம் வீண். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வியாழக்கிழமைக்காரர்கள் வீட்டுக்குப் போவதென்றால் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, யார் என்று சொல்லிக்கொண்டு வரவேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டு போவதுதான் எங்கள் வழக்கம். சொர்ணத்திடம் நான் அதைக் கேட்டு வைக்கவில்லை. இருந்தாலும் போனேன். நல்ல மனசோடுதான் போனேன். நல்ல மனசு இருக்கிற அன்றைக்குத்தான் நாம் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை, கவனித்துப் பாருங்கள்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி, ரோடு பிரிகிற விலக்கில் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு மம்சாபுரத்துக்கு நடந்தேன். ஒரு கடையில் ரெங்கசாமி வீடு எது என்று விசாரித்தேன். கைகாட்டினார்கள். வாசலில் ஐம்பது வயதுக்காரி ஒருத்தி மிளகாய் வற்றல் காய வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆஸ்பத்திரி அம்மா என்பது வெள்ளைச் சேலையைப் பார்த்தாலே தெரியும். 'என்ன தாயி, யாரத் தேடுதிய?' என்று அவள் மரியாதையாகத்தான் கேட்டாள்.

'உங்க மருமக மூணு வியாழக்கிழமையா வரலையே, என்ன ஏதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்' என்றேன்.

அவள் கை மிளகாயிலேயே நின்றுவிட்டது. பக்கத்து வாசலில் பேச்சும் நின்றது. உள்ளேயிருந்து சுளகோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அவள் சொர்ணம் இல்லை. கல்யாணமாகி ஆறேழு மாதம்தான் இருக்கும் போலிருந்தது, மஞ்சள் கயிறு இன்னும் புதுசாகத் தெரிந்தது. வீடு மாறி வந்துவிட்டேன், இவள் இல்லை, இவளை எனக்குத் தெரியவே தெரியாது என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். சொல்லச் சொல்ல அது பூசி மெழுகுவது போலவே என் காதுக்கே பட்டது. யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சுளகோடு எட்டிப் பார்த்த அந்தப் பெண்ணின் பெயர் பாக்கியம். நாலாம் நாள் அவளை அவள் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் புருஷன் வீட்டார் அவளைத் தாய்வீடான வ. புதுப்பட்டிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அவள் குடித்த செம்பைக் கூடத் தெருவில் வீசியிருக்கிறார்கள். மூன்று மாதக் கர்ப்பம். பெரியவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தேவலை. 'எம் மவளுக்கு அப்படி ஒண்ணும் இல்லைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க அம்மா' என்று கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். டாக்டரம்மா பாக்கியத்தைத் தலைமுதல் கால்வரை பரிசோதித்து, ஒரு குறையும் இல்லை என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சீட்டை நானே எடுத்துக்கொண்டு மம்சாபுரம் போனேன். பாக்கியத்தின் மாமியார் அதை வாங்கவே இல்லை. தப்பு என்னுடையது, பெயரை மாற்றி எழுதிவிட்டேன், உங்கள் மருமகள் எங்கள் ஆஸ்பத்திரி வாசலையே மிதித்ததில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

'சீட்டு எழுதுதவிய எதையும் எழுதுவிய. நீங்க வந்தது எம் மருமவளுக்காக இல்லைன்னா, வேற எவளுக்காக? அந்த ஒரு பேரச் சொல்லுங்க. இன்னைக்கே வண்டி கட்டி நானே போயி அவளக் கூட்டியாரேன்.'

நியாயமான கேள்வி. அவளை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். அவள் மகன் ரெங்கசாமி, தாலி கட்டின ஆம்பளை, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தான். அவன் மேல்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேறு பெண் பார்க்கிற பேச்சு அதற்குள் கிளம்பிவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். இரண்டு தெரு தள்ளி எங்கேயோ சொர்ணத்தின் வீடு இருக்கிறது. ஒரு பெயர், ஒரே ஒரு பெயர் என் வாயில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எப்போதும் அடுத்தவர் பேச்சை முடித்துவைத்தே பழகிய எனக்கு அந்த ஒரு நிமிஷம் போகவில்லை.

டாக்டரம்மாவிடம் திரும்பிப்போய் அழுதேன். அவர் அழுகையைப் பொறுக்கிறவர் இல்லை. பெயரைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

'சொல்லலாம். அந்தப் பிள்ளைய நாளைக்கே கூட்டிக்கிடுவாங்க. அடுத்த வியாழக்கிழமை பின்பக்கத்துப் பெஞ்சில ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. எல்லாரும் வீட்டுலயே கிடந்து விரல் உதிர்வாங்க' என்றார்.

அப்படியானால் சொர்ணத்தையே கூப்பிட்டு நிலைமையைச் சொல்லட்டுமா என்றேன். 'சொல்லித்தான் ஆகணும், அவளுக்கு அது தெரிய உரிமை உண்டு. ஆனா நீங்க வாயைத் திறக்கிறது அவளுக்காகவா, உங்க மனசு ஆறுறதுக்காகவான்னு பாத்துக்கிடுங்க' என்றார். அதைவிட ஓர் அறை கொடுத்திருந்தால் வலி குறைவாக இருந்திருக்கும். ஏனென்றால் ஆஸ்பத்திரிக்கு நடந்து வருகிற வழியெல்லாம் என் மனதில் ஓடியது இதுதான்: சொர்ணம் நல்ல பெண், நடந்ததைச் சொன்னால் தானாகவே முன்வந்து சொல்லிவிடுவாள், என் தலை தப்பிக்கும்.

நான் தேடிப் போகவில்லை. அடுத்த வியாழக்கிழமை சொர்ணமே வந்தாள். மூன்று வாரம் வராததற்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை. குடும்பத்தோடு ராஜபாளையம் பக்கம் ஒரு பண்ணைக்காரர் நிலத்துக்குப் பருத்தி எடுக்கப் போய், அங்கேயே தங்கியிருந்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பினால் தெருவெல்லாம் பாக்கியத்தின் பேச்சு. பெஞ்சியில் உட்காராமல் நேரே என்னிடம் வந்து, அந்தப் பெண்ணைத் தள்ளி வைத்தது தன்னால்தானா என்று கேட்டாள்.

என்னால் என்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பெயரைத் தப்பாக எழுதியது, கேட்காமல் வந்தது, வாசலில் நின்று வியாழக்கிழமை என்றது, பாக்கியத்தின் மாமியார் சீட்டை வாங்க மறுத்தது, பெயரைக் கேட்டது, எதையும் குறைக்கவில்லை. உன் பெயர் என் வாயிலிருந்து வரவில்லை, நீ சரி என்று சொல்லாதவரைக்கும் வராது, பாக்கியத்தைக் கூட்டிக்கொள்ளாமலே போனாலும் வராது, அந்தப் பாவம் என்னுடையது என்றும் சொன்னேன். அப்படியும் நடக்கக்கூடும் என்று தெரிந்தேதான் அதைச் சொன்னேன்.

'நீங்க எழுதுனது தப்புன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்' என்றாள். 'சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க கண்டுபிடிச்ச சந்தோசத்துல இருந்திய. பொறவு, தப்பாவே இருந்துட்டுப் போவட்டும், எங்க வீட்டை யாருக்கும் தெரியாதுல்லான்னு விட்டுட்டேன்.'

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கினேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். என் நாக்கு நுனியில் மூன்று யோசனைகள் துடித்துக்கொண்டிருந்தன. நீங்கள் இன்றைக்கு 'மௌனத்தைப் பயன்படுத்துதல்' என்று எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணுகிறீர்களே, எனக்கு அது சேலை முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருப்பதாக இருந்தது. கம்பவுண்டர் கல்வத்தில் மருந்து அரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவளாகவே பேசினாள். குழந்தை வலது பக்கம் படுத்தால்தான் தூங்குமாம். மாமியாரின் தங்கை ஒருத்திக்கு இதே வியாதி வந்து, காட்டில் குடிசை போட்டு விட்டுவிட்டார்களாம். சோற்றைத் தூரத்திலிருந்து வைத்துவிட்டு வருவார்களாம். அதைச் சின்னதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் வீட்டுக்காரர். அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை என்றாள். கடைசியில் என்னைப் பார்த்து, 'நீங்களா இருந்தா என்ன செய்விய?' என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். வராமல் ஒருத்தரும் இந்த வேலையிலிருந்து ரிட்டயர் ஆக முடியாது. 'தெரியலை தாயி. எனக்கு மூணு வயசுப் பிள்ளை இல்லை. நான் எதைச் சொன்னாலும் அது எனக்கு லேசான வழியாத்தான் இருக்கும்' என்றேன். யார் முன்னால் பேச வேண்டுமானாலும் டாக்டரம்மா கூட வருவார், தொத்தாத வகை என்று எடுத்துச் சொல்வார், பேசாமல் இருந்தாலும் உன் ஊசி நிற்காது என்றேன். என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

அவள் எழுந்து வெளியே வேப்ப மரத்தடியில் போய் நின்றாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போயிருந்தாலும் அது அவள் உரிமை. செத்த நேரம் கழித்துத் திரும்பி வந்து, நோட்டை எடுங்கள் என்றாள். எடுத்தேன்.

'எங்க வீட்டுக்காரவிய பேரத் திருத்தி எழுதுங்க.'

நான் குறிப்புக்காகக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் ஆனாலும் அவள் முடிக்கட்டும் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவள் கோபுரத்தைக் காட்டவில்லை. தன் வாயால், எச்சிலை விழுங்கிக்கொண்டு, 'கெருடசாமி' என்றாள். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

'இனிமே தேடி வந்தா எங்க வீட்டுக்கே வாங்க' என்றாள். 'அந்தப் புள்ளைக்கு மூணு மாசம்னு சொல்லுதாவ. நான் மொதல்ல எங்க வீட்டுக்காரவியகிட்ட சொல்லிக்கிடுதேன். நீங்க யாரும் வர வேணாம்.'

நான் கூட வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். யாரும் வர வேண்டாம் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. இந்த முறை கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் பிறர் சொல்லி எனக்குத் தெரிந்தவை. கெருடசாமி அன்று முழுவதும் சாப்பிடவில்லையாம். மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு ரெங்கசாமி வீட்டு வாசலுக்குப் போய், தெருவில் நின்றுகொண்டே, 'அந்த அம்மா தேடி வந்தது எம் பொண்டாட்டிய. வியாதி எங்க வீட்டுல. உங்க புள்ளையக் கூட்டிட்டு வாங்க' என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறான். பாக்கியத்தின் மாமியார் சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே வண்டி கட்டிக்கொண்டு புதுப்பட்டிக்குப் போனாள்.

சொர்ணம் பயந்தபடியேதான் ஆயிற்று. அவள் மாமியார் அவளை வீட்டுக்குள் விடவில்லை. கிணற்றடிக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டாள், குழந்தையைப் பிடித்துவைத்துக்கொண்டாள். அது மூன்று நாள் தொண்டை கட்டுகிற வரைக்கும் அழுதிருக்கிறது. நாலாம் நாள் கெருடசாமி ஒரு தோளில் குழந்தையையும் ஒரு தோளில் கட்டிலையும் தூக்கிக்கொண்டு தானும் கொட்டகைக்குப் போய்விட்டான். டாக்டரம்மா சொன்னபடி பாய்கள் தனித்தனி. அந்தக் குடும்பம் திரும்பி அந்த வீட்டுக்குள் போக இரண்டு வருஷம் ஆயிற்று. தேமல் மங்கி, ஊசி நின்ற பிறகும் மாமியார் செம்பைத் தனியாகத்தான் வைத்திருந்தாள். எல்லாம் சுகமாக முடிந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். என் அவசரத்துக்கு அவள் இரண்டு வருஷம் கொட்டகையில் இருந்து விலை கொடுத்தாள். அவள் அதை ஒரு தடவை கூட என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புருஷன் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விடப் பழகிக்கொண்டேன். யாராவது பாதியில் நிறுத்தினால் மீதியை நான் எடுத்துக்கொடுப்பதில்லை. என்னை மந்தபுத்தி என்றுகூட வரிசையில் சிலர் நினைத்தார்கள், நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். உங்கள் தாளில் அச்சடித்திருக்கும் வார்த்தைகளில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஒன்று மட்டும் பாக்கி. ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பின்பக்கத்து வாசல் வழியாகச் சொர்ணம் வந்தாள். அவள் பின்னால் மேடிட்ட வயிற்றோடு இன்னொருத்தி. பாக்கியம். எனக்குப் பகீரென்றது. கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்க்கிழமை, முன்வாசல் என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பெஞ்சியில் சொர்ணத்தை ஒட்டி உட்கார்ந்து, முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். தனக்கு ஒன்றுமில்லை, ஊசி போட்டால் அக்காவுக்குத் தலை சுற்றுகிறதாம், நடந்து போகத் துணைக்கு வந்தேன் என்றாள். ஊர் பார்க்குமே, மறுபடியும் ஏதாவது ஆகிவிடுமே என்று பதறிப்போய், வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாய், கோயிலுக்கு என்றா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

'இல்லம்மா' என்றாள். 'எங்க அத்தைகிட்ட, வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்னு வாசல்ல நின்னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.'